நிற்காத மிஷினுக்கு என்ன விலை

புல் வெட்ட எவ்வளவு என்று யார் கேட்டாலும் புல்லண்ணன் புல்லைப் பார்க்க மாட்டார். வானத்தைப் பார்ப்பார். மோவாயைச் சொறிவார். மேலே ஏதோ விலைப்பட்டியல் தொங்குகிற மாதிரி கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "மணிக்கு முந்நூறு" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் தொகை ஏறியிருக்கிறது, வானம் மட்டும் மாறவில்லை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வீட்டு வரி ரசீதில் இருக்கிறது. மற்றபடி தெருவுக்கே அவர் புல்லண்ணன்தான்.

அவருடைய பழைய மிஷினுக்கும் பெயர் உண்டு: மகாராணி. எப்போதோ சிவப்பாக இருந்ததாம். கயிற்றைப் பதினோரு தடவை இழுத்தால்தான் கண் திறக்கும். பத்தாவது இழுப்பில் கிளம்பியதாகச் சரித்திரமே இல்லை. பத்து நிமிஷம் ஓடினால் சூடு தாங்காமல் நின்றுவிடும். பிறகு அதற்கு மனசு ஆறுகிற வரைக்கும் புல்லண்ணன் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்கள் டீ கொண்டுவந்து கொடுப்பார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள். இந்த உட்கார்ந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் மணிக்கு முந்நூறு. இதை யாரும் யோசித்ததில்லை. புல்லண்ணனே யோசித்ததில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

வாடிக்கைகளில் பெரியது ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் வீடு. வீட்டைச் சுற்றிப் புல்லாகவே கிடக்கும், நாலு பேர் பந்து விளையாடலாம். மகாராணிக்கு அங்கே சரியாக மூன்று மணி நேரம். வாத்தியார் வராந்தாவில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மிஷின் நின்ற மறு நிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். வந்து பழைய பள்ளிக்கூடக் கதை சொல்வார். அதிலும் ஒரு கதை: அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார், போர்டில் இருந்த கணக்கைப் பார்த்தார், "இது தப்பு" என்றார், சாக்பீஸைக் கேட்டு வாங்கினார். சரியாக அந்த இடத்துக்குக் கதை வரும்போது மகாராணி ஆறியிருக்கும். வேலை கிடக்கிறதே என்று புல்லண்ணன் எழுந்துவிடுவார். அடுத்த வாரம் வேறு கதை ஓடும். நாலு வருஷமாக அந்த இன்ஸ்பெக்டர் சாக்பீஸும் கையுமாக நிற்கிறார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் புது மிஷின் வந்து சேர்ந்தது.

தவணைக்குத்தான் வாங்கினார். பச்சை நிறம். ஒரே இழுப்பில் கிளம்பும். தானாகவே முன்னால் ஓடும், பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டியதுதான் நம் வேலை. நிற்கவே நிற்காது. கடைக்காரர், "மூணு மணி நேர வேலைய ஒரு மணி நேரத்துல முடிச்சிடும்ணே" என்றார். புல்லண்ணன் அப்படியே பூரித்துப்போனார். மணிக்கணக்கில் கூலி வாங்குகிற மனுஷன் அதைக் கேட்டு அலறி ஓடியிருக்க வேண்டாமா? பூரித்துப்போனார்! மகாராணியை மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். சும்மா சுற்றிக்கொண்டிருந்த பையன், பாவம், அவனும் பிழைக்கட்டும் என்று பெரிய மனசு வேறு.

முதல் வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் சட்டைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். உதறிப் பார்த்தார். மறுபடி கைவிட்டுத் துழாவினார். வாத்தியார் வீட்டில் தொள்ளாயிரம் வர வேண்டிய இடத்தில் முந்நூறு வந்திருந்தது. எல்லா வீட்டிலும் அதே கதைதான். வேலை கொஞ்சம்கூடக் குறையவில்லை, வெட்ட வேண்டிய புல் அவ்வளவும் வெட்டியாச்சு. ஆனால் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு எங்கேயோ போயிருந்தது.

"மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார் மனைவியிடம்.

மனைவி தையல்காரி. ஜன்னல் திரை தைப்பாள், அதற்கு அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு, "மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றாள். வேறு எதில் கோளாறு என்று சொல்லவில்லை. அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததால் விட்டுவிட்டாள்.

மாசக் கடைசிக்குள் முதல் தவணை கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் கடைக்காரர் பச்சை மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மகாராணியும் கையில் இல்லை. வெறும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பதற்கு யாரும் கூலி கொடுக்க மாட்டார்கள்.

மெதுவாக வெட்டினால் என்ன என்று தோன்றியது. பல் டாக்டரம்மா வீட்டில் முயற்சி செய்தார். பச்சை மிஷின் முன்னால் இழுக்க, அவர் குதிகாலை ஊன்றிப் பின்னால் இழுக்க, புல்வெளியில் கயிறு இழுக்கும் போட்டியே நடந்தது. மிஷின்தான் ஜெயித்தது. அரை மணியில் முடிந்துவிட்டது. சரி என்று குறுக்கே ஒரு தடவை வெட்டினார். மூலைக்கு மூலை ஒரு தடவை வெட்டினார். நாலாவது தடவை கிளம்பும்போது டாக்டரம்மா வெளியே வந்துவிட்டார்.

"என்னங்க, தரைக்குப் பாலிஷ் போடறீங்களா? புல் எங்க?"

புல் இல்லைதான். மண் பளபளத்தது. அசடு வழிய நின்றவர், வாய்க்கு வந்ததைச் சொன்னார். "இனிமே மணிக்கு அறுநூறுங்கம்மா."

"நல்லா இருக்கே! வழிச்சு எடுத்துட்டு விலையும் ஏத்தறீங்களா?" டாக்டரம்மா கேட்டைச் சாத்திக்கொண்டார்.

அதே வாரம் மச்சான் புது சட்டையோடு வீட்டுக்கு வந்தான். அக்காவுக்கு ஒரு பை நிறையப் பழம் வேறு.

"மாமா, மகாராணி தங்கம் மாமா! பத்து நிமிஷம் ஓடறா, இருபது நிமிஷம் தூங்கறா. நானும் கூடவே தூங்கறேன். மணிக்கு முந்நூறு!"

பழத்தை உரித்துக்கொண்டிருந்த புல்லண்ணன் உரித்த பழத்தைக் குப்பையில் போட்டுவிட்டுத் தோலை வாயில் வைத்துக் கடித்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்திரண்டு வருஷமாகத் தான் புல் வெட்டிப் பிழைக்கவில்லை, மிஷின் நின்று நின்றுதான் பிழைத்திருக்கிறது குடும்பம்!

மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நான் திரை தைக்கிறேனே, மணிக்கணக்காவா வாங்கறேன்? ஜன்னலுக்கு இவ்வளவுன்னுதானே வாங்கறேன். சீக்கிரம் தச்சா எனக்கு லாபம். நீங்களும் தோட்டத்துக்கு இவ்வளவுன்னு சொல்லுங்க. வானத்தப் பாக்கறத விட்டுட்டு ஒரு தடவையாவது கீழ பாருங்க."

கீழே பார்த்தார். பார்த்தால், அடடா, கீழே எவ்வளவு இருக்கிறது! ஒவ்வொரு வீட்டிலும் நீளவாக்கில் நடந்தார், அகலவாக்கில் நடந்தார், அடியை எண்ணினார். மரத்துக்கு இவ்வளவு கூட, ஊஞ்சலுக்கு இவ்வளவு கூட என்று சேர்த்தார். நாய் கட்டியிருந்தால் ஒரு விலை, கட்டாத நாய்க்கு ஒரு விலை. வீட்டுக்குப் பின்னால் மிஷின் நுழையாத சந்து இருந்தால், குனிந்து கையால் வெட்ட வேண்டுமே, அதற்கு முதுகுவலி தைலம் என்று தனியாகப் போட்டார். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"அம்மா, பல்லு பிடுங்க உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷத்துக்கா காசு வாங்கறீங்க, பல்லுக்கா?"

டாக்டரம்மா கேட்டைத் திறந்தார். பழைய தொகையே தோட்டத்துக்கு விலையானது. புல் முளைத்த பிறகு வரச்சொன்னார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வீடாக ஒத்துக்கொண்டது. வாத்தியார் வீடு ஒன்றுதான் பாக்கி. அந்தத் தொள்ளாயிரம் வாராவாரம் வந்தால் தவணை கட்டிவிடலாம், வராவிட்டால் மிஷின் போச்சு. புல்லண்ணன் தலையைச் சீவிக்கொண்டு போனார். இருநூற்றுப் பதினாறு அடி நடந்து, இரண்டு மரத்தையும் பின்பக்கச் சந்தையும் சேர்த்து, "மொத்தமா தொள்ளாயிரம் சார்" என்றார்.

"வேணாம்ப்பா" என்றார் வாத்தியார். "உன் மச்சானை வரச்சொல்லிட்டேன்."

"எண்ணூறு?"

"வேணாம்."

"எழுநூறு சார். அவனுக்கு மூணு மணி நேரத்துக்கு நீங்க தொள்ளாயிரம் தரணும். கணக்கு வாத்தியார் நீங்க, நானா உங்களுக்குச் சொல்லணும்?"

"கணக்கு எனக்குத் தெரியும். உன் புது மிஷின் எனக்கு ஒத்துவரல. நிக்கவே மாட்டேங்குது."

இது என்ன கொடுமை? நிற்காத மிஷின் வேண்டாம் என்று உலகத்தில் யாராவது சொல்வார்களா? "அறுநூறு" என்று சொல்லிப் பார்த்தார். வாத்தியார் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இன்னும் ரெண்டு தடவ பேசினா நம்ம கைக்காசக் குடுத்துட்டு வருவீங்க" என்றாள் மனைவி. "விலை கொறஞ்சும் ஒருத்தர் வேணாங்கறார்னா விஷயம் விலையில இல்ல. என்னன்னு போய்ப் பாருங்க."

மச்சான் வேலைக்கு வருகிற நாளில் வாத்தியார் வீட்டு வேலிச்செடிக்குப் பின்னால் புல்லண்ணன் குந்திக்கொண்டார். அவர் உடம்புக்கு அந்தச் செடி போதாது. பதினோரு இழுப்பு கேட்டது. பத்து நிமிஷத்தில் மகாராணி நின்றாள். மச்சான் அதே வாளியில் உட்கார்ந்தான். வாத்தியார் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார்.

"அன்னிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாருன்னு சொன்னேன்ல..."

வராந்தாவில் காய் நறுக்கிக்கொண்டிருந்த வாத்தியாரம்மா, காதில் இருந்த கேட்கும் மிஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். நாற்பது வருஷமாகக் கேட்டவர், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மச்சான் சின்னச் சிரிப்போடு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இரண்டு காதிலும் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது.

புல்லண்ணனுக்குச் சுருக்கென்றது. நான் அப்படியா கேட்டேன்? அவர் இந்த நிமிஷம் வரை தன்னை ஒரு நல்ல ரசிகன் என்று நினைத்துக்கொண்டதில்லை.

"போர்டு கிட்ட போனாரு. சாக்பீஸைக் கையில வாங்கினாரு. வாங்கி..." என்றார் வாத்தியார். மச்சான் எழுந்து மகாராணியின் கயிற்றைப் பிடித்தான்.

"டேய் இழுக்காதடா!" என்று வேலிச்செடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அதன் பின்னால், தலையெல்லாம் இலையோடு புல்லண்ணன் வந்தார். "வாங்கி என்ன சார் பண்ணாரு?"

வாத்தியார் திடுக்கிட்டுப்போனார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதை அணைத்துவிட்டு, "வேலியில என்ன பண்றே?" என்று அதட்டினார்.

"விலை பேச வந்தேன் சார்."

"அதான் அறுநூறுன்னியே. வேணாம்னேனே."

புல்லண்ணன் தலையில் இருந்த இலையைத் தட்டிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வானத்தையும் பார்க்காமல் தரையையும் பார்க்காமல், எதிரே நிற்கிற ஆளைப் பார்த்து விலை சொன்னார்.

"அது நிக்காத மிஷினுக்கு சார். இப்போ அதுல ஒரு கோளாறு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தானா நின்னுடுது. அதனால தொள்ளாயிரம்."

கோளாறு வந்ததால் விலை கூடியது என்று கணக்கு வாத்தியாரிடமே சொல்கிறான் மனுஷன். வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நின்னா, எவ்ளோ நேரம் நிக்கும்?"

"சொல்ல முடியாது சார். சூடு ஆறணும்ல."

"அதுவும் சரிதான்." வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்போ தொள்ளாயிரம் நியாயமான விலைதான்."

மச்சான் பஞ்சை எடுத்துவிட்டு, "மாமா, இந்த வீட்ட நீங்களே எடுத்துக்கங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று காதோடு சொல்லிவிட்டு, மகாராணியைத் தள்ளிக்கொண்டு தப்பித்தான்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் புல்லண்ணன் தவணையைக் கட்டினார். கடைக்காரர், "மிஷின் எப்படிண்ணே, எங்கயாவது நின்னுச்சா?" என்று கேட்டார். "ஒரே ஒரு வீட்டுலதான் நிக்குது, அத நான் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

அது முதல் தடவை நின்ற கதை இது: விலை பேசி முடித்த மறு வாரம் வாத்தியார் வீட்டில் பச்சை மிஷின் ஒரே இழுப்பில் கிளம்பியது, வெண்ணெயாக ஓடியது. பத்தாவது நிமிஷம் புல்லண்ணன் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினார். அந்த நேரம் பார்த்து வாத்தியார் மரியாதையாக மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நின்னுடுச்சு சார்" என்றார் புல்லண்ணன்.

"அடடா" என்றார் வாத்தியார். செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது.

புல்லண்ணன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "சாக்பீஸைக் கையில வாங்கினாரு. அப்புறம் சார்?"

வராந்தாவில் வாத்தியாரம்மா காதுக்குக் கையைக் கொண்டுபோனார். வாத்தியார் பக்கத்தில் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"இப்பதான் நேரம் இருக்கே, என்ன அவசரம்?" என்றார். "முதல்லேருந்து சொல்றேன்."