நெற்றியைப் பார்த்து ரெக்கார்டு போட மாட்டேன்

1. கடை விதி

கிராமபோன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

"ஆளு உள்ள வந்ததும் நெத்தியப் பாரு ஞானம். பட்டை போட்டிருந்தா தேவாரம் எடு. நாமம்னா பாசுரம். தொப்பி வச்சிருந்தா உருது, அரபி. நெத்தியில ஒண்ணுமே இல்லையா, உங்க ஆளு, கிறிஸ்தவரு. கீர்த்தனை போடு. வாயத் தெறந்து கேக்கவே வேணாம்."

அலமாரியும் அந்தக் கணக்கில்தான் அடுக்கப்பட்டிருந்தது. பேசும்படம் வந்த புதிது. மதுரையில் வசதியான வீடு என்றால் ஒரு கிராமபோன் பெட்டி இருக்கும். பெட்டி இருந்தால் ரெக்கார்டு வேண்டும். ஆனால் வீட்டுப் பெண்கள் கடைக்கு வரமாட்டார்கள். ஆகவே அவர்கள் வீட்டுக்குப் பெட்டியையும் ரெக்கார்டையும் ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்ட ஒரு பெண்பிள்ளை தேவைப்பட்டாள். அந்தப் பெண்பிள்ளை நான்.

என் கணவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து காய்ச்சலில் போய்விட்டார். மகள் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாள். ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ் எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியும். பெண்பிள்ளை என்பது, இங்கிலீஷ் தெரியும் என்பது, இந்த இரண்டு காரணத்தால் எனக்கு வேலை கிடைத்தது. அந்த வேலை போனால் மகளின் படிப்பும் போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ சொத்துக்காரி, வாய்க்கொழுப்பில் சண்டை போட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2. வெறும் நெற்றி

சேர்ந்த கொஞ்ச நாளில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் கிராமபோன் பெட்டியை விற்க வந்தார். முதலாளி நெற்றியைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. உடனே சிரித்துக்கொண்டே ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையைப் போட்டுவிட்டார். தன் ஆட்கள் பாட்டைக் கேட்டு வந்தவர் மனம் குளிர்ந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று எண்ணம்.

அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும், "இது எந்தச் சாமி பாட்டுங்க?" என்றார்.

முதலாளி திகைத்துப் போனார். "நீங்க வேதக்காரரு இல்லையா?"

"எங்க அய்யா செத்துட்டாருங்க. தீட்டு. அதான் துன்னூறு பூசல. வீட்டுல ஒரு வருசத்துக்குப் பாட்டு கூடாதுன்னுட்டாக. அவரு பெட்டியப் பாக்கப் பாக்க வயிறு எரியுது, வித்துப்புடலாம்னு வந்தேன்." ரெக்கார்டைக் கையால் காட்டினார். "இத இன்னொருக்கா போடுங்க. அய்யா செத்ததுல இருந்து எனக்கு அழுகையே வரல. இப்பத்தான் வருது."

அழுதார். பிறகு பெட்டியை விற்காமல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளிக்கு நல்ல பேரம் கைநழுவிப் போன ஆத்திரம். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். விதி தப்பிய அன்றுதான் அந்தக் கடையில் ஒருவருக்குச் சரியான பாட்டு கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அதைச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுதைக்குக் கற்பூரத்தை முகரக் கொடுத்தவன் யார்? அதன் முதுகில் அழுக்கு மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, வாசனை தெரியாது என்று தீர்ப்பும் நீங்களே சொல்வீர்களோ?

3. ஊரெல்லாம் கேட்டேன்

எனக்குத் தெரிந்தது எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பாடும் கீர்த்தனையும் ஆர்மோனியமும்தான். மற்ற அலமாரியில் இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? வெட்கப்படாமல் எல்லாரிடமும் கேட்டேன்.

எங்கள் ஜட்கா ஓட்டிய காசிம் பாய்தான் முதல் ஆள். "பாய், உருதுல எத முதல்ல கேக்கணும்?" என்றேன். அவர் குதிரையை நிறுத்தியே விட்டார்.

"அட, இந்த வண்டியில ஏறுனவங்கள்ல என்னைய இப்படிக் கேட்ட மொத ஆளு நீதான் தங்கச்சி" என்றார். மறுநாள் கடை அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு கஜல் ரெக்கார்டை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். பாடியது ஒரு பெண். "அர்த்தம் அப்புறம் சொல்றேன். மொதல்ல குரல மட்டும் கேளு" என்றார். சொன்னபடி கடையிலேயே போட்டுக் கேட்டேன், வண்டியில் ஏறிய பிறகும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் இறங்க வேண்டிய வீடு வந்து, தாண்டியும் போய்விட்டது.

மகளின் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சரிடம் வயலின் ரெக்கார்டு கேட்டு வாங்கினேன். ரங்கூனில் இருந்து திரும்பிய ஒரு குமாஸ்தா, பர்மாக்காரர்கள் யாழ் மாதிரி மீட்டும் ஒரு வாத்தியத்தைப் பற்றிச் சொன்னார். அந்த ரெக்கார்டும் எங்கள் கடையிலேயே, அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. எந்த நெற்றிக்கும் அது பொருந்தவில்லை போலிருக்கிறது!

இப்படித் தேடிக் கேட்டதில் ஒரு வேலைமுறை கைவந்தது. "என்ன பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால் யாரும் தெரிந்ததைத்தான் சொல்வார்கள். ஆகவே அதைக் கேட்பதில்லை. "பாட்டு கேக்கும்போது கை என்ன வேலை செஞ்சுகிட்டு இருக்கும்?" என்று கேட்பேன். பூக் கட்டும் கைக்கு ஒரு பாட்டு. மாவு இடிக்கும் கைக்கு வேறு. சும்மா மடியில் கிடக்கும் கைக்கு இன்னொன்று. இந்தக் கேள்வி எனக்கு ஏமாற்றம் தந்ததே இல்லை.

4. பரவை வீடு

பரவையில், சொந்தமாகப் பெட்டி வைத்திருந்த ஒரு காய்கறி மண்டிக்காரர் வீடு. மண்டிக்காரர் கடைக்கு வந்து, "பக்திப் பாட்டு மட்டும் கொண்டுபோய்ப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் மனைவி வேலம்மா. வீட்டுப் பெண்களோடு முற்றத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருப்பார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் நான் பக்திப் பாட்டு ரெக்கார்டை எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும் டீச்சரம்மா. இது கோயில்ல கேக்குறேன், கல்யாணத்துல கேக்குறேன், தேர்ல கேக்குறேன். இந்தப் பெட்டியிலயும் இதுதானா? நான் பொறந்ததுல இருந்து கேக்காதது ஒண்ணு போடுங்க."

பர்மா ரெக்கார்டைப் போட்டேன். பெண்கள் சிரித்து உருண்டார்கள்.

"ஆத்தாடி! யாரோ வெங்கலக் குண்டான்ல புளியங்கொட்டையப் போடுறாகடி!"

"கம்முனு இருங்கடி" என்றார் வேலம்மா. "போடட்டும்."

இரண்டாம் தடவை போட்டபோது சிரிப்பு இல்லை. மூன்றாம் தடவை புளி ஆயும் கைகள் எல்லாம் அந்தத் தாளத்துக்கு ஓடின. பிறகு வயலின் போட்டேன். கடைசியாகக் காசிம் பாய் சொன்ன கஜல். வேலம்மா கை வேலையை நிறுத்திவிட்டார்.

"இந்தப் பொம்பள என்ன சொல்லுதா?"

"வாரேன்னு சொல்லிட்டுப் போனவன் வரலையாம்."

"அதுக்கு அம்புட்டு அழகா பாடணுமா, பாவி மக?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ரெக்கார்டை விலைக்கு எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், "போன தடவ கேட்டதுல இருந்து ரொம்பத் தூரமா ஒண்ணு" என்றுதான் கேட்பார். நானும் கொண்டுபோவேன்.

5. மண்டிக்காரர் வந்தார்

ஊர் சும்மா இருக்குமா? "உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா தங்கச்சி?" என்று காசிம் பாய் முன்பே எச்சரித்தார். சந்தையில் யாரோ மண்டிக்காரரைக் கேலி பேசியிருக்கிறார்கள். கஜல் ரெக்கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். கடை நிறைய ஆள்.

"ஏம்மா, நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சிருக்க? பக்திப் பாட்டு போடச் சொன்னா எவளோ ஏங்கி அழுகுறதப் போட்டிருக்க. எங்க வீட்டுப் பொம்பளைக கேக்குற பாட்டா இது? மானம் மருவாதி வேண்டாமா? இந்தக் கருமம் என் காதுல விழுந்ததே இல்ல. சந்தையில நாலு பேரு சொல்லித்தான் எனக்கே தெரியும்!"

முதலாளி கை இரண்டையும் குவித்துவிட்டார். "மன்னிச்சுக்கங்கண்ணே. ஞானம், அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளு. இனிமே வீட்டுக்காரரு சொல்றதத் தவிர ஒண்ணும் கொண்டுபோக மாட்டேன்னு சொல்லு."

மகள் முகம் கண் முன் வந்தது. வந்தாலும், என்ன குற்றத்துக்கு மன்னிப்பு? கேட்டவளுக்குக் கேட்டதைக் கொடுத்தது குற்றமா?

"ரெக்கார்டத் திருப்பி எடுத்துக்குறோம்ணே" என்றேன். "ஆனா கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் போட்டுப் பாக்கணும். கொண்டுவந்தவரும் உக்காந்து கேக்கணும்."

எங்கள் கடையில் அது கண்டிப்பான வழக்கம். கீறல் கடையில் விழுந்ததா வீட்டில் விழுந்ததா என்று பின்னால் தகராறு வரக்கூடாது என்பதற்காக முதலாளியே வைத்தது. அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மண்டிக்காரர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். நான் ஸ்பிரிங்கை முறுக்கி, சவுண்டு பாக்ஸில் புது ஊசி மாட்டி, அதை ரெக்கார்டின் மேல் மெல்ல இறக்கினேன்.

அந்தக் குரல் கடை முழுதும் பரவியது. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வாசலில் காசிம் பாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குரல் மேலே மேலே ஏறி, உச்சிக்குப் போகப் போகிற நேரம். மண்டிக்காரர் சட்டென்று முன்னால் குனிந்து, சுண்டுவிரலால் சவுண்டு பாக்ஸை இலேசாகத் தட்டிவிட்டார். ஊசி ஒரு கீறலைத் தாண்டிச் சென்றது. பாட்டு அறுபடாமல் உச்சியைத் தொட்டது.

தட்டாமல் இருந்திருந்தால் ஊசி அதே இடத்தில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கத்தியிருக்கும். ரெக்கார்டை நான் வேலம்மாவிடம் கொடுத்தபோது அந்தக் கீறல் இல்லை. அது பரவை வீட்டில் விழுந்தது.

"அண்ணே" என்றேன். "என் காதுல விழுந்ததே இல்லைன்னீங்க. அந்த எடத்துல ஊசி மாட்டும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மண்டிக்காரர் விரலை மடக்கிக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் ரெக்கார்டை எடுத்தார், துண்டில் பத்திரமாகச் சுற்றினார், யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

6. வாசல் வழியாக

முதலாளி என்னை விடவில்லை. "கஸ்டமர நாலு பேரு முன்னாடி கேள்வி கேக்குறவ எனக்கு வேண்டாம். இனி வீட்டுக்குப் போற வேலை கெடையாது. உள்ள உக்காந்து தூசி தட்டு. மாசம் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்க."

பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில்தான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ட கேள்விக்காக ஒரு நிமிஷமும் வருந்தவில்லை.

மாதம் முடிவதற்குள் ஒருநாள் நல்ல வெயிலில் கடை வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. வேலம்மா இறங்கினார். பின்னால் புளி ஆயும் பெண்கள் எல்லாரும். பாட்டு வாங்கப் பெண்கள் கடைக்குள் வந்ததை அதுவரை அந்தத் தெரு பார்த்ததில்லை. வேலம்மா நேரே உள்ளே நடந்து, ஆண்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலாளி பதறிப்போனார். "அம்மா, நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்? சொல்லியனுப்பியிருந்தா வீட்டுக்கே அனுப்பியிருப்பேனே. அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அவுகதான் வண்டி கட்டிக் குடுத்தாக. அவுகளுக்கு உள்ள வர வெக்கமா இருக்காம், தெருமுனையில நிக்காக. டீச்சரம்மாவ எங்க காணோம்? அவுகளக் கூப்புடுங்க. அவுக இல்லாட்டி வண்டிய வேற கடைக்கு விடச் சொல்றேன்."

"ஞானம்! ஏ ஞானம்! இங்க வா, இவங்களுக்கு என்ன வேணும்னு பாரு!"

வெளியே வந்தேன். தூசித் துணி கையிலேயே இருந்தது.

"பாக்குறேன் மொதலாளி. இன்னைக்கு மட்டும்னா பாக்க மாட்டேன். இனி என்னைக்கும் நான்தான் பாப்பேன். என்ன போடணும்னு கேக்குறவங்களும் நானும் முடிவு பண்ணுவோம். சரியா?"

கடை நிறையப் பெண்கள் அவரையே பார்த்தார்கள்.

"சரிம்மா, சரிம்மா" என்றார்.

இன்று ரெக்கார்டுக் கடையிலும் ரேடியோவிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. தெரியாத பாட்டு வேண்டும் என்று ஒருவர் வந்தால் அவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று துருவாதே. உனக்கே தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் போய்க் கேள், அதில் மானக்கேடு இல்லை. இது அவருக்கான பாட்டு இல்லை என்று யாராவது குறுக்கே வந்தால் அவரிடம் வாதாடிக்கொண்டிருக்காதே. நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் போடு.