திறந்து பார்க்காத வால்வு

நான் பிளம்பர். விபத்து வழக்குகளில் நிபுணர் சாட்சியும் சொல்வேன். காஞ்சிபுரத்து லாட்ஜ் ஒன்றில் கீசர் வெடித்து, அறை சுத்தம் செய்யும் செல்வியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில், "பாதுகாப்பு வால்வு நன்றாகத்தான் இருந்தது" என்று முதலாளி பக்கம் சாட்சி சொன்னேன். செல்வி தோற்றார்.

பிறகொரு நாள் அதே லாட்ஜுக்கு வேலைக்குப் போனபோது, மூலையில் கிடந்த அந்தக் கீசரின் வால்வைத் திறந்தேன். உள்ளே, அழுத்தம் கூடினால் நீராவி வெளியேற வேண்டிய வழியை உப்பு அடைத்துக் கல்லாக இறுகியிருந்தது.

அன்றே பிள்ளையார்பாளையத்தில் செல்வியின் வீட்டுக்குப் போனேன். சுருங்கிய விரல்களால் சொம்பில் தண்ணீர் நீட்டினார்.

"உங்க மேல கோவம் இல்லண்ணா. கண்ணால பார்த்ததைத்தானே சொன்னீங்க?"

"இல்லம்மா. நான் தொறந்தே பார்க்கல."

செல்வி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அவருடைய வக்கீலிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன், மேல்முறையீடு நடக்கிறது. ஆனால் அந்தக் கைகள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.