சிவனேஸ்வரி துவக்கு வாங்கிய கதை

சனிக்கிழமை மத்தியானம் சிவனேஸ்வரி துப்பாக்கிக் கடைக்குள் காலடி வைத்தால் போதும், கடைக்காரர் கேட்காமலே அந்த இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். இரண்டுமே விசையை இழுத்ததும் அடுத்த ரவையைத் தாமே ஏற்றிக்கொள்ளும் செமி ஓட்டோமற்றிக் ரகம். ஒன்று கனத்த குழல் கொண்டது, இலக்குச் சுடுவதற்கு. மற்றது இலேசானது, வயலில் முயல் வேட்டைக்கு.

"பொலிஸ் ஒண்டுக்குத்தான் பெர்மிட் தந்திருக்கு. ரெண்டும் வடிவாயிருந்தா நான் என்ன செய்யிறது?" என்று சிவனேஸ்வரி என்னிடம் கேட்பார், பிழை என்னுடையது என்பதுபோல்.

ஜெர்மனியிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு வந்து கார் ஓட்டப் பழக்குகிறவர். என்னையும் அவர்தான் பழக்கினார். சுடும் கிளப்பில் கடதாசி இலக்கில் முதல் ஓட்டை விழுந்தபின் அடுத்த ரவைகளால் அதையே பெரிதாக்கிக்கொண்டிருப்பார். "கிளச்சை விடுறமாதிரித்தான் தம்பி. பதறக்கூடாது."

கணவர் கிருஷ்ணராசா மச்சம் மாமிசம் தொடாதவர். வீட்டில் சமையலும் அவர்தான். "பாரமானதை வாங்கிக் கடதாசியைச் சுடும். முயலோடை வந்தீரோ, நான் குசினிக்கை கால் வைக்கமாட்டன்" என்றார்.

"அப்ப இலேசானதுதான்" என்றார் சிவனேஸ்வரி. "ஞாயிற்றுக்கிழமை முயலோடைதான் வருவன்."

ஞாயிற்றுக்கிழமை, வாங்குமுன் சுட்டுப்பார்க்க, எசெக்ஸில் மரினா என்ற பண்ணைக்காரியிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மரினாவின் முட்டைக்கோவாப் பயிரில் பாதியை முயல்கள் முடித்திருந்தன. அவர் தன்னுடைய இலேசான துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

வேலியோரம் ஒரு முயல் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. சிவனேஸ்வரி குறி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முயல் முகத்தைத் துடைத்து, ஓர் இலையை நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது.

"காத்து" என்றார். ஒரு புல்கூட அசையவில்லை.

அடுத்த முயல் வேலியடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தபோது ரவைகளைக் கழற்றித் துப்பாக்கியை மரினாவிடம் நீட்டி, பயிருக்கு வலை போட்டால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மரினாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

திரும்பும் வழியில் ஒரு சந்தியில் காரை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு பக்கமும் வடிவாப் பாத்துத்தான் அந்த முயல் வெளிக்கிடுது. நீ ஒருநாளும் அப்பிடிப் பாத்ததில்லை. அதை எப்பிடியடா சுடுறது?"

வீட்டில் கிருஷ்ணராசா வாசலிலேயே எங்கள் கைகளைப் பார்த்தார். முயல் இல்லையென்று கண்டு சாப்பாடு போட்டார்.

"நான் யோசிச்சனப்பா" என்றார் சிவனேஸ்வரி, சோற்றைப் பிசைந்தபடி. "நீங்கள் சொன்னதுதான் சரி. பாரமானதையே வாங்குவம். உங்களுக்கு விருப்பமில்லாததை நான் ஏன் செய்வான்?"

கிருஷ்ணராசா உருகிப்போனார். மனைவியின் தட்டில் இன்னொரு கரண்டி முருங்கைக்காய்க் கறியை வைத்து, "பாத்தீரோ தம்பி, எவ்வளவு விட்டுக்குடுக்கிற மனம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் சிவனேஸ்வரியின் கால் என் பாதத்தின்மேல் ஏறி, அங்கேயே இருந்தது.