பிரித்தெடுத்த இலை

சென்ற புதன்கிழமை மதியம், என் குடும்பத்தில் ஒரு டேமேஜ் இருப்பதை செக்கிங்கில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

புரியவில்லையா? சொல்கிறேன்.

திருப்பூரில் நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டி, வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றில் நான் இருப்பது வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு – மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகனும் மருமகளும் சிங்கப்பூரில். எனக்கு ஒரு அறை, வாசலில் ஒரு செம்பருத்திச் செடி, மெஸ்ஸில் மூன்று வேளை சாப்பாடு. குறை ஒன்றும் இல்லை. சாம்பாரைத் தவிர.

இங்கே புதன்கிழமை மூன்று மணிக்குக் கைவேலை வகுப்பு. நடத்துவது திவ்யா என்ற இளம் டீச்சர். இந்த மாதம் அவர் கொடுத்த வேலை, குடும்ப மரம். ஆளுக்கு ஒரு துண்டு வெள்ளைப் பனியன் துணி. அதில் அடிமரமும் கிளைகளும் வரைந்துகொள்ள வேண்டும். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து மூட்டையாக வந்த கட்டிங் வேஸ்ட்டில் இலைகள் வெட்டி, இலைக்கு ஒரு பெயர் எழுதி, கிளையில் வைத்துத் தைக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய சொந்தங்களும் பார்க்க வருவார்கள். அன்றைக்கு ஹாலில் தொங்கவிடுவதாக ஏற்பாடு.

கைவேலை என்றால் மற்ற ஊர்களில் பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் அப்படி இருக்க முடியுமா? வகுப்பில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர்கள். கட்டிங் மாஸ்டராக இருந்த ஒருவர், பழக்க தோஷத்தில் துணியை அடுக்கிப்போட்டு ஒரே வெட்டில் அறுபது இலைகளை வெட்டிவிட்டார். பிறகு இலைக்கு ஆள் போதாமல் பால்காரர் வரை சொந்தமாக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இருபத்திரண்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவர். தையலில் பிசகு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. வேலையை விட்டுவிட்டார். ஸ்டிக்கரை விடவில்லை. மெஸ்ஸில் ஒரு நாள் தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஓரத்தில் ஷேடு மாறுகிறது என்று திருப்பி அனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் கையில்தான் என் மரம் சிக்கியது.

சின்ன மரம். மேலே அப்பா, அம்மா. அவர்களுக்குக் கீழே நானும் மனைவியும். அதற்கும் கீழே மகனும் மருமகளும். கூடப் பிறந்தவங்க யாரும் இல்லீங்களா அங்கிள் என்று திவ்யா முதல் வாரமே கேட்டிருந்தார். இல்லீங்க என்று சொல்லியிருந்தேன்.

பேச்சியம்மாள் என் துணியை ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்துப் பிடித்தார். இப்படிச் சாய்த்தார்... அப்படிச் சாய்த்தார். பிறகு என் பெயர் இருந்த இலைக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத வெள்ளை இடத்தில், ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்.

அங்கேதான் ஒன்றும் இல்லையே என்றேன்.

"இப்ப இல்ல அண்ணாச்சி. முன்னால இருந்திருக்கு. தச்சுப் பிரிச்சிருக்கிய. ஊசி ஓட்டை இலை மாதிரியே நிக்கு பாருங்க. பனியன் துணில பிரிச்சா ஓட்டை மூடாதுல்லா."

அவ்வளவுதான். யார் இலை, ஏன் பிரித்தேன் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அவருக்கு அது ஒரு டேமேஜ் பீஸ். அடுத்தவர் துணியைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அந்தத் துணியை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் பொடிப்பொடியாக உள்ளே வந்தது. உண்மைதான். ஓர் இலை.

துளசிமணி. என் தங்கை.

முதல் வாரம் கை தன்போக்கில் அவள் பெயரை எழுதித் தைத்துவிட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. பார்க்க வருகிற பங்காளி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அறைக்குக் கொண்டுபோய் பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். வருடம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிறவர்கள். திருப்பூரிலேயே மண்ணரைப் பகுதியில் நாங்கள் குடியிருந்தபோது, பக்கத்து நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டராக இருந்தவர் அருளப்பன். தெற்கத்திக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். துளசி அவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். தலைமுழுகியாச்சு என்றார் அப்பா. அதோடு எங்கள் வீட்டில் அவள் பெயர் நின்றுபோனது. முப்பத்தைந்து வருடம் இருக்கும்.

அப்பா சொன்னார், அதனால்தான் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்பா இறந்தே பதினெட்டு வருடமாகிறதே? அதற்குப் பிறகு அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டு வளர்த்தது யார்? நான்தான். வேறு யாருமில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அருளப்பன் காலமான செய்தி வந்தது. சொன்ன உறவினர் அவள் போன் நம்பரையும் கொடுத்தார். டைரியில் குறித்துக்கொண்டேன்... போகவில்லை. தங்கை தாலி இழந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியவன் அண்ணன். காலமெல்லாம் துணியை நம்பிச் சோறு தின்றவன், அவளுக்கென்று ஒரு புடவை எடுத்துக்கொண்டு போகவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏற்றுமதி கம்பெனி ஆபீசில் நான் பார்த்த வேலையே மன்னிப்புக் கேட்பதுதான். சரக்கு தாமதமா? நிறம் மாறிவிட்டதா? பட்டன் உதிர்ந்ததா? துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் பணிவாக ஒரு கடிதம் போட வேண்டும். முப்பது வருடம் போட்டேன். முகம் தெரியாத ஜெர்மன்காரரிடம் வளைந்த முதுகு, மடத்துக்குளத்தில் இருக்கும் தங்கையிடம் ஏன் வளையவில்லை?

ஸ்டிக்கரின் மேலேயே வேறொரு இலையை வைத்துத் தைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பேச்சியம்மாளை ஏமாற்றலாம். அடியில் இருக்கும் ஓட்டையை என்ன செய்வது?

மறுநாள் காலை பத்து மணிக்கு டைரியை எடுத்தேன். துளசி போனை வைத்துவிட்டால்? எந்த அண்ணன் என்று கேட்டுவிட்டால்? இருந்தாலும் நம்பரை அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

"நாந்தான்... அண்ணன்."

அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கண்ணா" என்றாள்.

சொன்னேன். மரம், இலை, பிரித்தது, திவ்யாவிடம் சொன்ன பொய், கொண்டு போகாத கோடி எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் கடிதம் எழுதிப் பழகியவனுக்கு ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை. தப்பு என் மேலதான் துளசி என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். அவள் அழவில்லை. அழுதது யார் என்று கேட்காதீர்கள். கடைசியில், உன் இலையை இன்றைக்கே திரும்பத் தைத்துவிடுகிறேன் என்றேன்.

"அதுல அவரு பேரு இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். அவர் பெயரையும் தைக்கிறேன் என்றேன்.

"நீங்க தெக்க வேண்டாங்கண்ணா. ஞாயித்துக்கெழம நாங்களே வந்து தெச்சுக்கறோம். எடம் மட்டும் உட்டு வெய்யுங்க."

எத்தனை பேருக்கு என்று கேட்டேன்.

"புள்ளைக, மருமக்க, பேரம் பேத்தியெல்லாஞ் சேத்து நாங்க பதினோரு பேருங்க. அவரையுஞ் சேத்தாப் பன்னண்டு."

போனை வைத்துவிட்டுத் துணியை விரித்துப் பார்த்தேன். அப்பா அம்மாவை விட்டால் என் பக்கம் மொத்தமே நான்கு இலைகள். அதில் ஒருத்தி இப்போது இல்லை. பன்னிரண்டு பேருக்கு இந்தத் துணி எங்கே போதும்? திவ்யாவிடம் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிவந்திருக்கிறேன்.

எங்கள் மரத்தில் இலையெல்லாம், நாங்கள் வெட்டிப்போட்ட கிளையில்தான் இருக்கிறது.