காதுக்குள் இருந்த இருமல்

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் நெல் அருவி வெட்ட வருகிற கூலியாட்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேநீர் கொடுப்போம். அந்த வருடம் அறுவடை முடிந்த கையோடு எனக்கும் சிரட்டை வந்தது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, விடாத வறட்டு இருமல். நாள்பட இருமுகிறவளுக்கு ஊர் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: கசம், தொற்றுகிற காசநோய்.

"குறை நினையாதை மச்சாள், பிள்ளைக்குத் தொத்திப்போடும்" என்று சொல்லிக் கணவரின் தமக்கை, என் மச்சாள், கிட்ட வராமல் சிரட்டையை எட்ட வைத்தார். நான் வாய்க்காரி. ஆனால் ஏச வாயைத் திறந்தால் இருமல்தான் முந்தியது. மூன்று வயது மகளை மச்சாள் தன்னோடு படுக்கவைத்தார். நான் இருமினால் முகத்தைத் திருப்பவும் அவளுக்குப் பழக்கினார். பெற்ற பிள்ளையின் முன்னால் கூனிக் குறுகினேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டொக்டர், இருமல் உடம்பில் எங்கே தூண்டப்படுகிறது என்று ஆராய்கிறவராம். கணவர் சைக்கிளில் ஏற்றிப்போனார். டொக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். தொண்டையைக் குச்சியால் தொட்டார், புளிப்பு நெடி அடிக்கிற வினாகிரி முகரத் தந்தார். இருமினேன். அதற்கு எல்லாரும் இருமுவார்கள் என்றார். பிறகு காதுக்குள் பஞ்சுத் திரியை விட்டார். இருமல் வெடித்தது.

"நெஞ்சிலை ஒண்டும் இல்லை, பிள்ளை. இருமலைக் கிளப்புற நரம்பின்ர கிளை ஒண்டு காதுக்கையும் ஓடுது. சில பேருக்கு அங்கை தொட்டாலே இருமல் வரும்."

உள்ளே இருந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்தார். தலையில் கதிர்க்கட்டுச் சுமந்தபோது புகுந்திருக்க வேண்டும். அவருக்கோ பெரிய சந்தோசம். தாதிமாரைக் கூப்பிட்டு, திரும்பவும் திரியை விட்டுக் காட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கணவர் பார்க்கட்டும் என்று நன்றாக இருமிக் காட்டினேன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டு மச்சாள் அழுதார். வீட்டார் குடிக்கிற, புளி போட்டு மினுக்கிய பித்தளைப் பேணியில் தேநீர் தந்தார். போன மானம் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் குசினியில் செத்தல் மிளகாய் வறுத்தேன். நெடி ஏறி மச்சாளும் இருமினார், நானும் இருமினேன். மகள் ஓடிவந்தாள். மச்சாளுக்குப் பேணியில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு மூலையில் கிடந்த சிரட்டையைத் தேடி எடுத்து, தண்ணீர் நிரப்பி, என் கிட்ட வராமல் எட்ட வைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குடியுங்கோ அம்மா" என்றாள்.