சம்பா கடலில் இறங்கினாள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவுக் கோயில் ஊர்வலம் நல்லபடியாக முடிந்தது. யானை இல்லாமல்!

'யானை வரும்னு நோட்டீஸ் போட்டீங்களே... எங்கே?' குட்வில் எஸ்டேட் கடைத்தெருவில் தக்காளி வாங்கப் போனால்கூட இதே கேள்வி. நியாயம்தான். கமிட்டியில் நானும் இருக்கிறேனே. சொல்லிவிடுகிறேன்.

யோசனை எங்கள் தலைவர் செல்வராஜ் அண்ணனுடையது. ராமநாதபுரத்துக்காரர், இங்கே பத்துபஸ்தியில் வீடு, கட்டட கான்ட்ராக்டர். 'முடியாது' என்கிற வார்த்தை அவர் காதில் ஏறாது.

"மெயின்லேண்ட்ல சாமி யானையோட வருது. நம்ம ஊர்ல மட்டும் மினி லாரியா?" என்றார். எல்லோரும் கை தட்டினோம். நோட்டீஸ் அச்சாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் யானையைக் கேட்கப் போனோம்!

காட்டில் மரம் இழுத்துக் களைத்த யானைகளை மீட்டுப் பராமரிக்கும் முகாம் அது. கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. அங்கே மருத்துவர் ரேவதி. இங்கேயே ஹேடோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் பாதி இந்தி. அவர்தான் எங்களைச் சம்பாவிடம் கூட்டிப்போனார். வயதான பெண் யானை. பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். ஆனாலும் என்ன ஒரு கம்பீரம்!

"இவதான்! நெத்திப்பட்டம் கட்டினா பக்கா!" என்றார் அண்ணன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அண்ணா, மரம் இழுக்கிற வேலை நின்னதும் இவளை ஜங்கிள்ல அப்படியே விட்டுட்டாங்க. பசிக்குப் பாக்குத் தோட்டம், வாழைத் தோட்டம்னு போயிருக்கா. டின்னைத் தட்டி, பட்டாக்கா போட்டுத் துரத்தியிருக்காங்க. இப்பவும் சத்தம்னா டர், பயந்து நடுங்குவா. ஊர்வலமெல்லாம் நஹி ஹோகா, நடக்காது."

"வெடி வேற, மேளம் வேற டாக்டர். இது மங்கள வாத்தியம். யானைக்குத் தெரியாதா?"

"தெரியாதுண்ணா."

டாக்டர் மருந்து எடுக்க ஷெட்டுக்குள் போனார். அண்ணன் பையிலிருந்து ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்தார். "சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம் தங்கச்சி."

"வேணாம்ணே..." நான் சொல்லி முடிப்பதற்குள் தவில் முழங்கியது.

சம்பாவின் காதுகள் விரிந்தன. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தாள். அடுத்த நொடி – அந்தக் காலுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ – மணலில் இறங்கி நேராகக் கடலுக்குள் போய்விட்டாள்.

"பந்த் கரோ! பந்த் கரோ!" நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார் சம்பாவின் பாகன். பதற்றத்தில் அண்ணனுக்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்றே தெரியவில்லை. நான்தான் பிடுங்கி அணைத்தேன்.

அதற்குள் முதுகும் மறைந்து, தும்பிக்கை நுனி மட்டும் அலைக்கு மேலே தெரிந்தது.

"யானை நீந்தும்தானே?" என்று ஷெட்டிலிருந்து ஓடிவந்த டாக்டரிடம் கேட்டேன்.

"நீந்தும். ஆனா அந்தப் பாறையத் தாண்டினா தண்ணி இழுத்துட்டுப் போயிடும். இந்தக் காலோட அவளால திரும்ப முடியாது." டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாகன் டிங்கிப் படகைத் தள்ளி ஏறித் துடுப்புப் போட்டார். இன்ஜினைத் தொடவில்லை. இன்னொரு சத்தம் வேண்டாம் அல்லவா? "ஆஜா பேட்டி... ஆஜா..." குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

திரும்பிப் பார்த்தால்... பக்கத்தில் அண்ணனைக் காணோம். மார்பளவு தண்ணீரில் நிற்கிறார், வெள்ளை வேட்டி சுற்றிலும் மிதக்கிறது! கை கூப்பியிருந்தார்.

"வந்துரு தாயி... மேளம் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ வந்துரு."

பாறைக்குக் கொஞ்சம் முன்னால் தும்பிக்கை திரும்பியது. பாகனின் குரலுக்குத்தான், எங்களுக்காக இல்லை. எங்களை விட்டு வெகுதூரம் தள்ளிக் கரையேறி, ஒரு ஒல்லி மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். அவ்வளவு பெரிய உடம்பு... மறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு! டாக்டர் அருகில் போய்த் தடவிக் கொடுத்தபோதும் நடுக்கம் நிற்கவில்லை.

வேனில் திரும்பும்போது அண்ணனின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

மறுநாள் கமிட்டிக் கூட்டம். எடுத்ததுமே எழுந்தார். "யானை வராது. நான் பண்ணின வேலையில ஒரு உயிர் போகப் பாத்துச்சு."

"அதெப்படி? நோட்டீஸ்ல போட்டாச்சே தலைவரே!" என்றார் ஒருவர்.

"தலைவர்னு என் பேரும்தான் போட்டிருக்கு. வேணும்னா அதையும் அடிச்சுருங்க."

அடிக்கவில்லை. அந்த மாதிரி ஒரு தலைவர் சுலபத்தில் கிடைப்பாரா என்ன?

ஞாயிறு அன்று மினி லாரிக்குப் பூ அலங்காரம் செய்தோம். மேளம் பிளந்து கட்டியது. கூட்டத்துக்கும் குறைவில்லை. சுவாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பயந்து நடுங்கிக்கொண்டு வருகிற எதுவும் ஊர்வலத்துக்கு அழகில்லை – இது எங்கள் கமிட்டிக்குப் புரிய ஒரு யானை கடலில் இறங்க வேண்டியிருந்தது!