பொன்ராஜ் கண்ட பாற்கடல் லட்சுமி

அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைப் பொன்ராஜுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. திருச்சுழிப் பக்கம் மழை இறங்குமா என்பதிலிருந்து நிலாவில் ஆள் இறங்கியது நிஜமா என்பதுவரை கல்லாவில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். கேட்பவர்களுக்குத் துணியில் தள்ளுபடி வேண்டியிருந்தது, தலையாட்டினார்கள்.

எழுபத்திரண்டாம் வருடத்துக்குக் கடைக் காலண்டர் அடிக்க, சிவகாசி ஏஜெண்டு ஆல்பத்தை விரித்தார். நடுவில் பழைய இத்தாலி ஓவியம் ஒன்று. கடலில் மிதக்கும் சிப்பிமேல் அழகுத் தேவதை வீனஸ் நிற்கிறாள். உடம்பில் ஒரு நூலிழை இல்லை, கூந்தலும் கையும்தான் மறைப்பு. ஒரு பக்கம் இருவர் காற்றை ஊதுகிறார்கள். மறுபக்கம் ஒருத்தி துணியை விரித்துக்கொண்டு வருகிறாள்.

பொன்ராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வெள்ளைக்காரன் வீனசுன்னு பேரு வச்சிருக்கான். இது பாற்கடல்ல பொறந்த நம்ம லட்சுமிய்யா! ஊதுறது வாயு பகவான். சிப்பின்னா செல்வம். அந்தத் துணி இருக்கு பாருங்க, அதுதான் மானம். மானத்தைக் கொண்டாந்து குடுக்குறது யாரு? ஜவுளிக்கடைக்காரன்!"

"மொதலாளி சொன்னாச் சரிதான்" என்றார் ஏஜெண்டு. அவருக்கு ஆர்டர் முக்கியம்.

தை மாதம் வியாபாரிகள் சங்கத் தேர்தல். தலைவர் நாற்காலிக்குப் பொன்ராஜ் வெகுகாலமாக ஏங்கிக் கிடந்தார். சங்கத்து வீடுகளுக்கெல்லாம் லட்சுமி காலண்டரை அனுப்பினார். பாலவனத்தம்வரை பெண்கள் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, தேதித்தாளை மட்டும் ஆணியில் மாட்டினார்கள்.

தேர்தல் கூட்டத்தில் மளிகைக்கடைச் சங்கரலிங்கம் மெதுவாக எழுந்தார்.

"அண்ணாச்சி, மகாலட்சுமிங்கிறீக. உங்க வீட்டுப் பூசை ரூமுல மாட்டியிருக்கீகளா?"

"மாட்டாம? தெனமும் சூடம் காட்டுறோம்யா!"

"அப்ப ஒரு எட்டு வந்து நாங்களும் கும்பிட்டுக்கிறோம். ஓட்டை ஒங்களுக்கே போட்டுர்றோம்."

சிரிப்பைத் துண்டால் பொத்திக்கொண்டு சங்கமே கிளம்பியது. நடுவில் வேர்க்க விறுவிறுக்க நடந்தார் பொன்ராஜ். பூசை ரூமில் முருகன் இருந்தார், பிள்ளையார் இருந்தார். பாற்கடல் லட்சுமியைத்தான் காணோம்.

"மதினி, புது லட்சுமி எங்க?" என்றார் சங்கரலிங்கம்.

பொன்ராஜின் மனைவி கோகிலாம்பாள் புருஷனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அவுக பீரோவுக்குள்ள இருக்கா. கதவுக்கு உள்பக்கமா அவுகளே ஒட்டிவச்சு, சாவிய அரணாக்கயித்துல முடிஞ்சிருக்காக. வேணும்னா கேட்டு வாங்கிக்கங்க."

யாரும் கேட்கவில்லை. திரும்பிப் போய், சங்கரலிங்கத்தைப் போட்டியில்லாமல் தலைவராக்கினார்கள்.

பொன்ராஜ் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் கோகிலாம்பாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கூறுகெட்டவளே, லட்சுமி பீரோவுக்குள்ள இருந்தாத்தான் பணம் தங்கும்."